ரெக்கார்டு ரூமில் பரீட்சைக்குப் படித்தவன்

இது நிஜமாக நடந்தது. தி. நகரில், பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. பேய் என்றால் நள்ளிரவு வேண்டும், கொலுசுச் சத்தம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நேரத்தையெல்லாம் மேத்யூவே குறித்து வைத்திருக்கிறான். மற்றதில் எப்படியோ, மணி விஷயத்தில் ஆள் கறார்.

மேத்யூ சாந்தோம்காரன். ஆயுள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கிளெய்ம் பிரிவு. அடையாறு கிளையிலிருந்து பாண்டி பஜார் பக்கம் மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகியும் அங்கே ஒருத்தரையும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஷோயப் சாப்பிடும்போது செல்போனில் வீடியோவை அலறவிடுவான், அவன் வெத்துவேட்டு. ரூபீனா வாரம் ஒரு பிறந்தநாள் கேக் வெட்டுவாள். வேலைவெட்டி இல்லாத ஜென்மம். ஹென்றி ஒன்றரை மணிக்கு மேஜையில் கவிழ்ந்து குறட்டை விடுவார். அவரை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. இவர்கள் பேசும் பழங்கதைகளைக் காதில் வாங்குவதே தனக்குக் கேவலம் என்று நினைத்தான். வாங்கியிருந்தால் பிழைத்திருப்பான்.

இன்சூரன்ஸ் பரீட்சையில் அவனுக்குக் கடைசிப் பேப்பர் பாக்கி. நாலு தடவை ஊற்றிக்கொண்டது. ஐந்தாவது, நவம்பர் பதினைந்து, சனிக்கிழமை. தேறினால் பிரிவுத் தலைவர் நாற்காலி அவனுக்கு. கோட்டைவிட்டால் ஜெசிகாவுக்கு. ஆறு வருஷம் ஜூனியர். அவள் எழுதும் குறிப்பில் சிவப்பு மையால் தப்புத் திருத்துகிறவன் இவன். அவள் முன்னால் போய் நின்று லீவு கேட்பதா? நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் இரண்டு வாண்டுகள், ஒரு டிவி. அலுவலகத்தில் இந்தக் கும்பல். படிக்க ஒரு மூலை கிடைக்காமல் அலைந்தவன் கண்ணில் மூன்றாம் மாடி ரெக்கார்டு ரூம் பட்டது. திங்கட்கிழமை, மணி 1.10. புத்தகத்தோடு படியேறினான். கூட்டிக்கொண்டிருந்த தேவானை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ரூமுக்கா சார் போறீங்க? அங்க யாரும் குந்தமாட்டாங்களே."

"அதனாலதான் போறேன். நீ வேலையப் பாரு."

"இல்ல சார், அங்க இன்னா ஆச்சின்னா..."

"உன்கிட்ட கதை கேக்க நேரமில்ல."

கதவைச் சாத்திக்கொண்டான்.

கூரைவரை இரும்பு அலமாரிகள். பழைய ஃபைல்கள். நடுவில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அப்பாடா, என்ன அமைதி! வாய்விட்டுப் படித்தால்தான் அவனுக்கு மண்டையில் ஏறும். ஆசைதீரப் படித்தான். 1.55க்கு வெளியே வந்தால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அரை மணியாகப் பெய்கிறது என்றாள் ரூபீனா. உள்ளே ஒரு சொட்டுச் சத்தம் கேட்கவில்லை. சுவர் கனம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

செவ்வாய். 1.32. அலமாரிக்குப் பின்னால் யாரோ பக்கம் புரட்டினார்கள்.

புதன். நாற்காலியில் உட்கார்ந்தான். சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

வியாழன். 1.27. அதே அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு. ஆண் குரல். நடுத்தர வயது. இவனைப்போலவே வாய்விட்டுப் படிக்கிற குரல்.

"கருணைக் காலம்... பிரீமியம் கட்டக் குடுக்கற அவகாசம்... மாசா மாசம் கட்டினா... முப்பது நாளா?"

மேத்யூவுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இன்னொருத்தன் ஒளிந்து படிக்கிறான். அதுவும் தப்பாகப் படிக்கிறான்!

"பதினஞ்சு நாள்யா," என்றான் திரும்பாமல். "இதுகூடத் தெரியாம பரீட்சைக்கு வந்துடறானுங்க."

"ஓ... பதினஞ்சா... தேங்க்ஸ் சார்."

கதவு திறந்த சத்தமே இல்லையே, இவன் எப்போது உள்ளே வந்தான்? அந்தக் கேள்வி சாயங்காலம் பஸ்ஸில்தான் அவனுக்குத் தோன்றியது.

வெள்ளி. பரீட்சைக்கு முதல் நாள். 1.38.

"காணாமப் போனவன... எத்தனை வருஷம் கழிச்சு... செத்தவன்னு எடுத்துப்பாங்க?"

மேத்யூ அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

"அஞ்சா... பத்தா..."

பல்லைக் கடித்தான்.

"சொல்லுங்க சார்... இந்த ஒண்ணு மட்டும் எனக்கு நிக்கவே மாட்டேங்குது..."

"ஏழு! ஏழு வருஷம்! முண்டம்!"

1.41. குரல் எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு... ரெண்டு... மூணு...

ஏழில் நின்றது.

"அப்ப... இன்னியோட... ஆச்சா?"

மேத்யூ எழுந்தான். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

சுவர்.

அலமாரி சுவரோடு ஒட்டியிருந்தது. விரல்கூட நுழையாது.

மறுநாள் பரீட்சை மையத்தில் எல்லாம் தெரிந்த கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் அவன் படிக்கும் முன்பே யாரோ முதுகுக்குப் பின்னாலிருந்து படித்தார்கள். படித்துவிட்டு... காத்திருந்தார்கள். மூன்று மார்க்கில் போச்சு.

டிசம்பரில் ஜெசிகா பிரிவுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வாரமே அவனைக் கூப்பிட்டு ஒரு ஃபைலை நீட்டினாள். ஒரு சொல் குத்தலாகப் பேசவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

"மேத்யூ சார், இத நீங்களே விசாரிச்சு ரிப்போர்ட் போட்டுடுங்க. நம்ம ஆபீஸ் ஸ்டாஃப்தான், பஞ்சாட்சரம்னு. நீங்க வர்றதுக்கு முன்னாடி. பரீட்சைக்குப் படிக்கிறேன்னு மதியம் ரெக்கார்டு ரூமுக்குப் போனாரு. அதோட சரி. போலீஸ் கட்டடம் முழுக்கத் தேடிச்சு, ஆளே கிடைக்கல. இங்க எல்லாருக்கும் தெரியுமே, உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

அவன் ஃபைலைத் திறந்தான். காணாமல் போன தேதி, நவம்பர் பதினான்கு. ஏழு வருஷம் நிறைந்தது அந்த வெள்ளிக்கிழமை.

ரிப்போர்ட்டில் கடைசிக் கட்டம் ஒன்று இருந்தது. 'இந்த ஏழு வருடங்களில் இவரைப் பார்த்தவரோ, இவர் குரலைக் கேட்டவரோ எவரேனும் உண்டா?'

"இல்லன்னு எழுதுங்க சார்," என்றாள் ஜெசிகா. "உண்டுன்னா கிளெய்ம் நிக்காது. பாவம், அவர் சம்சாரம் ஏழு வருஷமா நடையா நடக்கறாங்க."

மேத்யூ பேனாவைத் திறந்தான். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அந்த அம்மாவுக்குக் கிளெய்ம் கிடைத்துவிட்டது. ரெக்கார்டு ரூமில் இப்போது ஷோயப்கூடப் போய் உட்காருகிறான். ஒரு சத்தமும் இல்லையாம். மேத்யூ மட்டும் அந்தப் படியேறுவதில்லை. ஏழு வருஷமாகத் தான் செத்தது தெரியாமலே படித்துக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு அந்தச் செய்தியைச் சொன்னவன் அவன். அதையும் முண்டம் என்று திட்டித்தான் சொன்னான்.