நடுவில் வழியில்லாத சர்ச்

எங்கள் சர்ச்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நடுவுல ஏங்க வழியே இல்ல?" என்பதுதான். கல்யாண வீடியோ எடுக்க வருகிறவன்கூட இதைக் கேட்டுவிட்டு, என்னமோ நான்தான் கட்டின மாதிரி என்னை முறைப்பான். இப்போது வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வாசலில் தகவல் பலகை வைக்கப் போகிறார்களாம். கட்டடத்தின் வரலாற்றை நான் எழுதித் தரவேண்டுமாம். விடிவதற்கு முன் பஸ் பிடித்து, கடல்மேல் போட்ட காஸ்வே பாலம் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வருகிறவளிடம் வரலாறு கேட்டால் என்ன வரும்? கொட்டாவிதான் வரும்.

பலகைக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்டத்துத் துரைமார் பணம் போட, சீனத் தச்சர்கள் கட்டியது. பிரஸ்பிட்டேரியன் சபைக்கு வேத வசனம்தான் பெரிது என்பதால் முன்சுவருக்கு நட்டநடுவில் பிரசங்க பீடம். படமில்லை, சிலையில்லை, வண்ணக் கண்ணாடியும் இல்லை. எல்லாரும் பீடத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்கட்டும் என்று கூடத்தின் நடுவில் நீளநீளமான பெஞ்சுகளைத் தரையோடு முடுக்கிவிட்டார்கள். நடக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சுவரை ஒட்டித்தான் நடக்க வேண்டும். சுவர் ஒரு முழக் கனம். அதனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் இடுப்புயரத்தில் அகலமான விளிம்பு உண்டு.

பலகையில் எழுத முடியாதது ஒன்று இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதில் நடந்த அத்தையின் கல்யாணம் அது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. இப்போது நான் நிற்கிற அதே பஸ் வரிசையில் இருபது வருஷம் நின்றவள். சிங்கப்பூரில் ஒரு ஃபேக்டரியில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை. வயது முப்பத்தெட்டு. இரண்டு சம்பந்தங்கள் கூடிவந்து கலைந்துபோன பிறகு தங்காக் ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்தார். அவருடைய அம்மா அங்கே துணிக்கடை வைத்திருந்தவர். மணப்பெண் நடுவே சிவப்புக் கம்பளத்தில் நடந்து வரவேண்டும், சனங்கள் இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கு அதைவிடப் பெரிய ஆசை. அத்தையின் முக்காட்டு வலையைப் பின்னால் பிடித்துக்கொண்டு வரப்போகிறவள் நானல்லவா!

சபையை நிர்வகிக்கும் மூப்பர்களில் அப்பாவும் ஒருவர். மூப்பர்கள் கூட்டத்தில் பேச்சு வந்தபோது நான் வெளியே ஜன்னலடியில் நின்று ஒட்டுக்கேட்டேன். பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு அன்றைக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போடலாம் என்று மற்ற எல்லாரும் சொல்ல, அப்பா ஒருத்தர் மட்டும் கூடாது என்றார்.

"அலமாக், உங்க தங்கச்சி கல்யாணம் லா! ரெண்டு மணி நேர வேல, திரும்ப முடுக்கிடலாம்," என்றார் ஒரு மூப்பர்.

"பீடத்துக்கு நேரா ஊர்கோலம் வர்றதுக்கு இது என்ன சினிமா கொட்டாயா? கட்டினவங்க காரணமாத்தான் கட்டியிருக்காங்க," என்றார் அப்பா.

அடேயப்பா, என்ன பிடிவாதம்! அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரே வேண்டாம் என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பேச்சு அதோடு முடிந்தது.

என் வாயில் எதுவும் நிற்காது. அடுத்த வாரம் சர்ச் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம், "எல்லாரும் சரின்னுட்டாங்க. அப்பாதான் வேணாம்னுட்டாரு," என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அந்த அம்மா பக்கத்தில் நின்ற அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கறது ஒரே தங்கச்சி. இதுக்குக்கூட உங்களுக்கு மனசு வரலியா?"

அப்பாவின் முகம் கறுத்துப் போனது. "எங்க சபை ஒழுங்கு அப்படிங்க," என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை, "எந்தப் பக்கமா வந்தா என்னங்க, வந்து சேந்தா போதும்," என்று சிரித்தாள். அண்ணனுக்குப் பயந்து ஆசையை மென்று விழுங்குகிறாளே, பாவம் என்று எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது.

கல்யாணத்தன்று அப்பா அவளை வலது சுவரோரமாக அழைத்து வந்தார். சுவர்ப் பக்கம் அத்தை, சனங்கள் பக்கம் அப்பா. கடன் வாங்கிப் போட்டிருந்த அந்தப் பெரிய கோட்டு மறைத்ததில் பலருக்கு அத்தையின் தலைப்பூ மட்டும்தான் தெரிந்திருக்கும். பின்னால் வந்த எனக்கு அவள் வலது கை தெரிந்தது. ஜன்னல் விளிம்பைப் பிடிப்பாள், பிறகு சுவரில் கையை ஊன்றுவாள், பிறகு அடுத்த ஜன்னல். அவள் முன்னால் போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்து, மறுபடி முதல் சரணத்திலிருந்து பாடத் தொடங்கிவிட்டார்கள். முன்னால் போய் நின்றபோது அவள் கண்ணில் நீர், உள்ளங்கை முழுக்கப் புழுதி. நடுவே நடக்கக் கிடைக்காத துக்கம் என்று நினைத்தேன்.

நின்று நின்றே அத்தையின் வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. பிடிமானம் இல்லாமல் பத்தடி நடந்தால் நொண்டுவது தெரிந்துவிடும். முந்தைய இரண்டு சம்பந்தங்களும் கலைந்தது அதனால்தான். இந்த மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும். கல்யாணம் முடிகிறவரை தன் அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டாராம். நடுவே கம்பளம் விரித்தால் பிடித்துக்கொள்ளச் சுவர் ஏது? அப்பா தவறிய பிறகு அத்தை சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். கடைசிவரை சபையில் அவருக்குப் 'பெஞ்சு மூப்பர்' என்றே பெயர். பெற்ற மகளே அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது என் முழங்காலும் சாயங்காலமானால் முனகுகிறது. அதை நீவும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்குக் கல்யாண விருந்தில் இதெல்லாம் தெரியாத என்னை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

"அத்தை அழுதாங்க. உங்களாலதான்," என்றேன்.

"ஆமாம்மா, அப்பா செஞ்சது தப்புதான்," என்றார் அப்பா. பிறகு என் தட்டிலிருந்த மீனை எடுத்து, முள்ளைப் பார்த்துப் பார்த்து நீக்கி, சதையை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

நான் அதைத் தொடவில்லை. தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய், மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.