எல்வீரா பெரியம்மா போன தூரம்

வெர்லின் வோத்துக்கு நினைவாற்றல் என்று தனியாக எதுவும் கிடையாது. சொந்தக்காரர்கள்தான் உண்டு.

கான்சாஸ் கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் மென்னோனைட் கிறிஸ்தவ சபைக் கல்லூரியின் கால்பந்து அணிக்குத் தாக்குதல் ஆட்டங்களை வகுப்பது அவன் வேலை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற கால்பந்து. அவனுக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஆட்டப் புத்தகம் ஆலயத்து வேதாகமத்தைவிடத் தடிமன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முழ நீளத்தில் ஒரு பெயர். கோட்டுக்கு வெளியே நின்று அதைக் கத்தி முடிப்பதற்குள், பந்தைப் பிரித்துக் கொடுக்கும் குவார்ட்டர்பேக் பையன் முன்பாதியை மறந்திருப்பான். நடுவர், நேரம் போய்விட்டது என்று ஊதிவிடுவார்.

வெர்லின் அந்தப் புத்தகத்தை மூடிவைத்தான். ஆட்டங்களுக்குத் தன் அம்மாவின் சகோதரிகளுடைய பெயர்களை வைத்தான். ஹுல்டா சித்தி கல்யாணமாகி மேற்கே ஒரிகனுக்குப் போனவள். அவள் பெயரைக் கேட்டால் இடப்பக்கம் ஓட வேண்டும். மலிண்டா சித்தி கிழக்கே ஒஹையோவுக்குப் போனவள். ஆகவே வலப்பக்கம். செல்மா சித்தி பிறந்த வீட்டைவிட்டு நகரவே இல்லை. நடுவில் நேராக முட்ட வேண்டும். டெக்சாஸிலிருந்தும் புளோரிடாவிலிருந்தும் வந்திருந்த பையன்கள் எண்களை மறந்தார்களே தவிர, வம்பை மறக்கவில்லை.

அப்படியும் அந்த வருடம் தோல்விகளே அதிகம். கடைசிப் போட்டியிலும் தோற்றால் அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்க்கப்போவதாகக் கல்லூரித் தலைவர் கோரிங் மரியாதையாகவே சொல்லியிருந்தார். வெர்லினின் மனைவி ஜோலீன் மளிகைக் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்து அடுக்கிவிட்டாள். கணவன் மேல் அவளுக்கு நம்பிக்கை உண்டு. பெட்டிகள் இலவசமாகக் கிடைத்தன, அவ்வளவுதான்.

அந்தக் கடைசிப் போட்டியில் எதிரணியின் தடுப்பாட்டத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்று வந்திருந்தவன் டெல்மர் ரீகியர். வெர்லினின் பெரியம்மா எல்வீராவின் ஒரே மகன். எல்வீராவும் ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். மகன் பக்கம் உட்கார்ந்தாலும் வம்பு, தங்கை மகன் பக்கம் உட்கார்ந்தாலும் வம்பு என்று, இரண்டுக்கும் இல்லாமல் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்த படிகளில் போர்வையோடு உட்கார்ந்துகொண்டாள்.

முதல் பாதி முடிவதற்குள் டெல்மருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதன்பின் ஹுல்டா என்றால் அவன் ஆட்கள் முன்கூட்டியே இடப்பக்கம் போய் நின்றார்கள்.

"தம்பி, ஹுல்டா சித்தி ஒரிகன்லதானே இருக்காங்க? சொகமா இருக்காங்களா?" என்று மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசாரித்தான்.

மலிண்டாவுக்கும் செல்மாவுக்கும் அதே கதிதான். கடைசி நிமிடத்தில் நாங்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். எல்லைக்கோடு பக்கத்தில்தான் இருந்தது. ஒருமுறை கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. குவார்ட்டர்பேக் டேவியன் கோட்டோரம் ஓடிவந்தான்.

"கோச், சித்திங்க எல்லாரும் தீந்துட்டாங்க. பெரியம்மா ஒருத்தங்கதான் பாக்கி."



டெல்மர் தொட்டிலில் கிடந்த நாளில், அறுவடை இயந்திரம் விற்க வந்த ஒருவனை நம்பி எல்வீரா பெட்டியோடு புறப்பட்டாள். நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தம்வரை போய்த் திரும்பிவந்துவிட்டாள். இது அவள் தங்கை ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அந்தத் தங்கை மருத்துவமனைக் கட்டிலில் தன் மகன் வெர்லினிடம் அதைச் சொல்லி அழுதுவிட்டுத்தான் கண்ணை மூடினாள். வெர்லினும் அழுதான். பிறகு அதை ஓர் ஆட்டமாக வகுத்தான். விட்டுப்போகிறவனைப் போல இடப்பக்கம் ஓட வேண்டும். எல்லோரும் துரத்தி வந்ததும் சட்டென்று திரும்பி, புறப்பட்ட இடத்தின் வழியாகவே புக வேண்டும். தூரத்து ஊர் அணிகளிடம் அது நன்றாக எடுபட்டது. டெல்மரிடம் மட்டும் அதைத் தொடுவதில்லை என்று வைத்திருந்தான். எங்கள் சபையில் சத்தியம் செய்யக் கூடாது. அதனால் முடிவு மட்டும்தான் செய்திருந்தான்.

அவன் கம்பத்தின் பக்கம் பார்த்தான். ஜோலீன் இருந்த பக்கம் பார்த்தான். பிறகு கத்தினான்.

"எல்வீரா!"

டெல்மர் சிரித்தேவிட்டான். "எங்கம்மா சர்ச்சத் தாண்டி எங்கயும் போனதில்லடா. எல்லாரும் நடுவுலயே நில்லுங்க" என்று தன் ஆட்களுக்குச் சொன்னான்.

பந்தோடு பையன் இடப்பக்கம் பாய்ந்தான். டெல்மரின் சிரிப்பு நின்றது. "போறான், விடாதீங்க!" என்று அவனே அலறினான். நடுவில் நின்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். பையன் திரும்பினான். காலியாகக் கிடந்த நடுவில் நடந்தே போயிருக்கலாம். ஓடித்தான் போனான்.

ஆட்டம் முடிந்ததும் டெல்மர் கைகொடுக்க வந்தான். கொடுத்த கையை விடவில்லை.

"தம்பி, எங்கம்மா எங்க போயிட்டு வந்தாங்க?"

வெர்லின் புல்லைப் பார்த்தான். அதற்குள் படியிறங்கி வந்துவிட்ட எல்வீரா, போர்வையை மடித்தபடி தானே பதில் சொன்னாள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும். நீ அப்போ கைக்கொழந்த."

"எதுக்கும்மா திரும்பி வந்தீங்க?"

"ரொட்டிக்கு மாவு பெசஞ்சு வெச்சிருந்தேன். பொங்கி வழிஞ்சிரும்னு வந்தேன்."

"மாவுக்காகவா?"

"நீ அழுவியேன்னும் தோணிச்சு. அது வீட்டுக்கிட்ட வந்தப்புறம்."

தோற்ற அணியின் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. டெல்மர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. போர்வையை வாங்கி விரித்து அம்மாவின் தோளில் போட்டான். கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவளை நடத்திக் கூட்டிப்போனான். வெர்லினிடம் இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

தலைவர் கோரிங் ஓடிவந்து வெர்லினின் முதுகில் தட்டினார். வேலைக்கு இனிக் கவலையில்லை என்றார். அந்தக் கடைசி ஆட்டம் எப்படி என்று மாலை விருந்தில் நன்கொடையாளர்களுக்கு விளக்கிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அப்படி ஓர் ஆட்டம் நம்மிடம் இல்லை என்றான் வெர்லின்.