ரெண்டு பேருக்கும் பத்தாத மாத்திரை

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு மருத்துவமனையில் ரிசர்ச் நர்ஸாக இருந்தேன். மார்புப் புற்றுநோய்க்குத் தருகிற ஈஸ்ட்ரோஜன் தடுப்பு மாத்திரையை, அதிக டோஸில், மூளைக் கட்டிக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம். டாக்டர் கன்னடக்காரர். அவர் சொல்வதைத் தமிழ் நோயாளிகளுக்கு நான் சொல்வேன். எதையும் மறைக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு.

மார்டள்ளி என்ற தமிழர் கிராமத்திலிருந்து வந்த விவசாயி மாதப்பனிடமும் மறைக்கவில்லை. "இது பொம்பளைங்க மார்புப் புத்துக்கு நல்லா கேக்கற மருந்து. உங்க மூளைக் கட்டிக்குக் கேக்குமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. கொடுத்துப் பாக்கறோம்."

அவர் ஒன்றுதான் கேட்டார். "பொம்பளைங்களுக்கு நெசமாவே கேக்குமுங்களா?"

ஆண்பிள்ளை இதைச் சாப்பிடுவதா என்று கூச்சப்படுகிறார் என நினைத்தேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது. கேக்கும் என்றேன். கைநாட்டு வைத்துவிட்டு மாத்திரையோடு போனார்.

காலி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த மாத்திரை. மாதப்பன் ஓர் அட்டையைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. வலிப்பும் கூடியது. மருந்து எடுபடவில்லை என்று டாக்டர் சோர்ந்துபோனார்.

அடுத்த முறை தனியாக வர முடியாமல், வீட்டில் கூடவே இருக்கும் அக்கா பொன்னம்மாவைத் துணைக்கு அழைத்து வந்தார். மாத்திரையை நீட்டினேன். அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இன்னுங் கொஞ்சம் சேத்துக் குடுங்க சிஸ்டரம்மா. எங்க ரெண்டு பேத்துக்கும் பத்த மாட்டேங்குது."

அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தேன். மார்பில் கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. வெட்கத்தில் தம்பியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லையாம்.

தம்பி தன் மாத்திரையை அக்காவுக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று டாக்டரிடம் சொன்னேன். ஏன் இப்படிச் செய்தார் என்று மாதப்பனிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

மாதப்பன் என்னைத்தான் பார்த்தார். "எனக்குக் கேக்குமான்னு தெரியாதுன்னீங்க. பொம்பளைங்களுக்குக் கேக்கும்னீங்க. அத்தனையும் தெரிஞ்சு நான் மட்டும் எப்படீங்க முழுங்கறது?"

அதை அப்படியே கன்னடத்தில் டாக்டருக்குச் சொன்னேன்.

பொன்னம்மாவை அன்றே அட்மிட் செய்து பிறகு ஆபரேஷன் செய்தார்கள். மாதப்பனை ஆய்விலிருந்து நீக்கினோம். அக்காவின் புண் ஆறி, அவர் ஊருக்குத் திரும்பியதைப் பார்த்துவிட்டுத்தான் மாதப்பன் இறந்துபோனார்.

ஆய்வு வேலைக்கு வரும் இளம் நர்ஸுகளுக்கு ஒன்று சொல்வேன். சம்மதம் வாங்குமுன், வீட்டில் வேறு யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேளுங்கள். நாங்கள் மாதப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை.