கம்பியார் திறக்காத கதவு

அந்தப் பக்கம் சாவியைத் தொலைத்தவர்கள் எல்லோருக்கும் கம்பியாரைத் தெரியும். வளைந்த கம்பிகள் இரண்டை வைத்துக்கொண்டு எந்தப் பூட்டையும் கண் மூடித் திறப்பதற்குள் திறந்துவிடுவார். அதனால் வந்த பெயர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "சாவி போகட்டும், தலையாவது பத்திரமா இருக்கா?" என்று கேட்காமல் பையைத் தூக்கமாட்டார்.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு. கதவைத் திறக்கச் சொல்பவர் அதில் பெயரும் விலாசமும் எழுதி, 'இதைத் திறக்க எனக்கு உரிமை உண்டு' என்று கையெழுத்துப் போட வேண்டும். சொந்த மாமியாரிடமே வாங்கினார். அந்தம்மா ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நிம்மதியான ஆறு மாசம்" என்பார்.

ஒரே ஒரு தடவை கேட்காமல் விட்டார். நான்கு வருடங்களுக்கு முன், ஒரு டீச்சர் இல்லாத நேரத்தில் அவள் வீட்டைத் திறக்கச் சொல்லிப் போலீஸ் கூப்பிட்டபோது. சீருடையைப் பார்த்ததும் நோட்டு பைக்குள்ளேயே தங்கிவிட்டது. மறுநாள் பூட்டை மாற்றித்தரச் சொல்லி அவள் அவரையே கூப்பிட்டாள்.

"யாரோ உள்ள வந்து எல்லாத்தையும் கலைச்சிருக்காங்கண்ணே. பூட்டே உடையலையே, எப்படி வந்திருப்பாங்கன்னு ஸ்டேஷன்ல சிரிக்கறாங்க. எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு."

கம்பியார் புதுப் பூட்டைப் போட்டுக்கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் வந்தார். அந்த வெட்கம் இன்றுவரை அவரைச் சோறு தின்ன விடுவதில்லை.

போன மாதம் மறுபடியும் அழைப்பு வந்தது. பட்டப்பகல், மூன்றாவது மாடி. பஸ் ஓட்டும் ஒரு பெண்ணின் வீடு. அவள் வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய தம்பி ஏதோ ஊர்வலத்தில் கோஷம் போட்டானாம், வீட்டைச் சோதிக்க வேண்டுமாம். இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் கதவுமுன் நின்றிருந்தார்கள்.

"வாரண்ட் இருக்கா சார்?"

"அதெல்லாம் அப்புறம் வரும். நீ திற."

"உள்ள யாருக்காவது உயிருக்கு ஆபத்துன்னா வாரண்டே வேண்டாம். இருங்க, பாக்கறேன்." கதவில் காதை வைத்தார். "குழாய்தான் சொட்டுது சார். அதுக்குப் பிளம்பரைக் கூப்பிடணும்."

ஒரு கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பியார் நோட்டை நீட்டினார்.

"இல்ல, ஆபத்து இருக்குன்னு நீங்க சொன்னா அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அரை நிமிஷத்துல திறந்துடறேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தொடவே இல்லை. போட்ட கையெழுத்துக்கு நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் பதில் சொல்ல வேண்டியது அவர்தானே! அடுத்தவன் கம்பி என்றால் மட்டும் வீரம் வந்துவிடும்.

"உன் கடை லைசென்ஸ் புதுப்பிக்கறதுக்கு அடுத்த மாசம் என் மேஜைக்குத்தான் வருது. ஞாபகம் இருக்கா?"

கடையை விட்டால் கம்பியாருக்கு வேறு பிழைப்பு கிடையாது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். பயந்துதான் போனார், பொய் சொல்வானேன். ஆனால் பயத்தோடு கோபமும் சேர்ந்து வந்தது.

"ஞாபகம் இருக்கு சார். அதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

"கதவை உடைச்சா என்ன பண்ணுவே?"

"தாராளமா உடைங்க. உடைச்சா போலீஸ் வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். நான் திறந்தா ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. அதுக்குத்தானே சார் என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்தது. மேல்மாடியிலிருந்தும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. உடைக்க யாரும் காலைத் தூக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினார், மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

கம்பியார் போகவில்லை. வேறொரு பூட்டுக்காரனைப் பிடித்துக்கொண்டு வந்தால்? கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தவள் திடுக்கிட்டு நின்றாள்.

"யாருங்க நீங்க? இங்க என்ன பண்றீங்க?"

"பூட்டுக்காரன்மா. உன் வீட்டைத் திறக்காம உக்காந்திருக்கேன்."

யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, இந்தத் தடவை தானே கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தார்.

"வாரண்டோட வந்தா நானே திறந்துவிடுவேன், அது வேற. இன்னைக்கு நடந்ததை எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லு. சாட்சி வேணும்னா கடைக்கு வா. அடுத்த மாசம் கடை இல்லைன்னா வீட்டுக்கு வா."