அளவு நோட்டில் எழுதிய ஊர்த் திட்டம்

எங்கள் ஊருக்கு நீரூற்று வேண்டும் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். மறைப்பானேன்? பூட்டிக் கிடந்த பழைய கிடங்கை என்ன செய்யலாம் என்று ஊர்க்காரர்களே முடிவு செய்து திட்டம் எழுதிக் கொடுத்தால் அரசு நிதி தரும் என்றார்கள். அதற்கான ஊர்க் கூட்டத்துக்கு வெளியூர் ஆலோசகர் ஒருவர் வந்து, அதை இடித்துப் பூங்கா, நடுவில் கலர் விளக்குடன் நீரூற்று என்று திரையில் படம் காட்டினார். ஜெராக்ஸ் கடைக்காரன் நான், வாயைப் பிளந்துவிட்டேன்.

கை தூக்காத ஒரே ஆள் என் பக்கத்துக் கடை டைலர் அக்கா. "அளவே எடுக்காம துணிய வெட்டுறீங்களே! எனக்குப் பத்து நாள் குடுங்க" என்று எழுந்தார். ஊர்த் திட்டக் குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அக்காவுக்கு அது விளையாட்டு இல்லை. அவர் கணவர் மிக்ஸி, பம்புசெட் என்று எந்த மோட்டாரையும் சரிபண்ணும் மெக்கானிக். பதினோரு வருடமாக முதல் பஸ்ஸில் பெரிய டவுனுக்குப் போய், அங்கே ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புகிறவர். அந்தப் பட்டறை வருடக் கடைசியில் இன்னும் தூரத்துக்கு மாறப் போகிறது. அப்புறம் அங்கேயே தங்கினால்தான் வேலை, வீட்டுக்கு வருவது மாதம் ஒரு தடவை. உள்ளூரிலேயே ஒரு பிழைப்பு வந்துவிடாதா என்று அக்கா தவித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து முதல் பஸ் நிற்குமிடத்தில், தைக்க அளவெடுத்து எழுதும் நோட்டோடு அவரைப் பார்க்கலாம். ஏறுகிற எல்லாரிடமும் ஒரே கேள்வி: "டவுனுக்கு எதுக்குப் போறீங்க?"

"உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" என்று எரிந்து விழுந்தார் பால் பண்ணைக்காரர். அக்கா அவர் கையில் இருந்த மிக்ஸியைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

பத்தாம் நாள் கூட்டத்தில் அந்த நோட்டைப் புரட்டிய ஆலோசகர் திருதிருவென்று முழித்தார். "தோள் இருபது, கை பதினெட்டு, இடுப்பு நூத்தி நாப்பது... யாரும்மா இந்த ஆளு?"

கூடம் குலுங்கியது. அச்சடித்த கட்டங்களிலேயே அக்கா கணக்கு எழுதியிருந்தார். தோள் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், கை என்றால் படிக்கப் போனவர்கள், இடுப்பு என்றால் ரிப்பேருக்குப் போனவர்கள். தலைப்பை மாற்ற மறந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும்தான் சிரித்தேன்.

அக்கா முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

"சிரிச்சாச்சா? இப்பக் கேளுங்க. பத்து நாள்ல நூத்தி நாப்பது பேரு ரிப்பேருக்குன்னு பஸ் ஏறியிருக்கீங்க. அதே பஸ்ஸுல முன் சீட்டுல யாரு போறாரு? என் வீட்டுக்காரரு! அவரை மாதிரி இன்னும் ஏழு பேரு போறாங்க. கெட்டுப்போன பொருளும் நம்ம ஊரு, சரிபண்ற ஆளும் நம்ம ஊரு. ரெண்டும் ஒண்ணாப் போயி ஒண்ணாத் திரும்புது. நடுவுல அந்த டவுன் எதுக்குங்க? அந்தக் கிடங்கையே பட்டறை ஆக்கிட்டா என்ன?"

பால் பண்ணைக்காரர்தான் மெல்ல எழுந்தார். "அட ஆமாய்யா, என் மிக்ஸிய அங்க சரிபண்ணிக் குடுத்ததே அக்கா வீட்டுக்காரருதான். எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்காரு!"

கிடங்கைப் பட்டறைக் கூடமாக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவர். நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஆலோசகரும் தூக்கினார். "உங்களுக்கு ஓட்டு இல்லீங்க" என்று தலைவர் இறக்கச் சொன்னார். ஒரு கை பாக்கியில்லை. எங்கள் ஊர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

டவுன் பட்டறை இடம் மாறுவதற்கு முன்பே, ஏழே மாதத்தில் எட்டுப் பட்டறைகளோடு கிடங்கு திறந்தது. அன்று காலையிலேயே வாசலில் வரிசை. மத்தியானம் ஒரு மணிக்கு, கையில் கிரீஸோடு அக்கா கடைக்கு வந்து நின்றார் மெக்கானிக்.

"பசிக்குது."

"ஐயோ, பழக்க தோஷத்துல எனக்கு மட்டும்தானே கொண்டுவந்தேன்!"

"இருக்கறதைப் போடு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊரே சிரித்தபோது அசராத அக்கா அப்போது அழுதுவிட்டார். அழுதுகொண்டே பாதிச் சாப்பாட்டை டிபன் மூடியில் எடுத்து வைத்தார்.