பிக்-வாவின் எட்டு லியோங்

பிக்-வாவுக்குப் பாதி ஆயுள் அடுத்தவர் கடையில் கருவாடு நிறுத்துக் கொடுப்பதிலேயே போனது. ஷாம் ஷுய் போ சந்தையில் சொந்தமாகக் கடை போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் வந்து நின்றாள் மாக் வீட்டம்மா, ஒரு கையில் சிப்பிப் பை, மறு கையில் சின்னத் தராசு. வாயா அது! சந்தைக்கே வாடகைக்கு விடலாம்.

“நேத்து அரைக் கான் காய்ஞ்ச சிப்பி வாங்கினேன். அரைக் கான்னா எட்டு லியோங். வீட்டுல நிறுத்தா ஆறுதான் காட்டுது. மிச்சம் ரெண்டு யாரு வயித்துக்குள்ள போச்சு, அக்கா?”

கூட்டம் கூடிவிட்டது. எடைக் கள்ளி என்ற பேர் ஒருதரம் ஒட்டிக்கொண்டால் கடையை மூட்டை கட்ட வேண்டியதுதான். வாங்கியதோ பழைய தராசு, அதில்தான் கோளாறோ என்ற பயம் வேறு. இருந்தாலும் பிக்-வா பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வா, பொதுத் தராசுக்குப் போவோம். எட்டு இல்லேன்னா இன்னிக்கே கடையை இழுத்துச் சாத்துறேன்.”

சந்தை வாசலில் இருக்கும் அந்தத் தராசுக்கு வேண்டியவரும் கிடையாது, வேண்டாதவரும் கிடையாது. சிப்பியைத் தட்டில் கொட்டினாள். முள் ஆடியது. எட்டைத் தாண்டி ஒரு நூல் தள்ளி நின்றது.

மாக் வீட்டம்மா விடுவாளா? “அப்ப என் தராசு பொய் சொல்லுதா? போன வாரம்தான் எல்லை தாண்டி ஷென்ஜென் போயி புதுசா வாங்கிட்டு வந்தேன்.”

பன்றிக்கறிக் கடை குண்டு குவான் வயிறு குலுங்கச் சிரித்தான்.

“அடக் கடவுளே. அங்க பத்து லியோங் ஒரு கான், இங்க பதினாறு. அவங்க கான் கொஞ்சம் சின்னது, ஆனா லியோங் பெருசும்மா. அந்த ஊர்த் தராசு அந்த ஊர்க் கணக்கைத்தானே சொல்லும்? அதுல உன் சிப்பி ஆறுதான்.”

சந்தையே சிரித்தது. பிக்-வாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தலை நிமிர்ந்து நடந்து வந்து கடையில் ஏறி நின்றாள். பின்னாலேயே கூட்டமும் வந்தது, இந்தத் தடவை வாங்குவதற்கு. முதல் ஆளாக மாக் வீட்டம்மாதான் நின்றாள்.

“இன்னொரு அரைக் கான் போடு,” என்று முணுமுணுத்தாள். பிறகு மனசு கேட்காமல், “கொசுறு?”

“அதான் நேத்தே குடுத்தேனே,” என்றாள் பிக்-வா. “எட்டுக்கு மேல ஒரு நூல். ஊரே பாத்துச்சு.”