நகி என்றார் டாக்டர்

பூவம்மாள் என்ற பெயரைச் சென்னம்மா முதன்முதலில் கேட்டது ஓசூர் பஸ் நிலையத்தில். கொழுந்தன் சின்னராஜுக்கு ஊத்தங்கரைப் பக்கம் பெண் பார்த்துவிட்டு வந்த மாமியார் மங்கம்மா, பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக மூத்த மருமகளிடம் சொன்னாள்.

"பேரு பூவம்மா. நல்ல பொண்ணு. சிரிப்பு மட்டுந்தான் கொஞ்சம் பெருசு."

"சிரிப்பு பெருசா, வாய் பெருசா அத்தே?"

"வாய் சின்னதுதான்டி. அதுக்குள்ள இருந்து அவ்ளோ சிரிப்பு எப்டி வருதுன்னுதான் நானும் பாத்துகினே இருந்தேன்."

மாமியார் சொன்னதில் பொய்யில்லை. எண்பத்திரண்டில் கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளி வரிசை வீட்டுக்கு வந்த பூவம்மாள் சிரித்தால், நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் "என்னாவாம்?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். காரணம் தெரியாமலே அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். கம்பெனி வேலைக்கு வந்து தனியாகத் தங்கியிருந்த ஆட்களுக்கு வீட்டிலேயே மெஸ் நடத்தினாள். "ரசம் தண்ணியா இருக்குதுக்கா" என்று ஒருத்தன் சொன்னால், "அப்ப குளிச்சிட்டுப் போ" என்று சிரிப்பாள். அவன் மறுநாளும் அங்கேதான் வருவான்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இடது காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலியில்லை. மங்கம்மா பார்த்த மாத்திரத்தில் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிவிட்டாள். அதற்குக் கழுத்தில் பொன் போட்டால் வற்றிவிடும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பூவம்மாள் கழுத்திலோ வெறும் மஞ்சள் கயிறு. சென்னம்மா தன் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

"வத்துனதும் திருப்பிக் குடுத்துடணும், ஆமா."

"வத்தவே கூடாதுன்னு வேண்டிக்கிறேன்க்கா!"

விளையாட்டுக்குச் சொன்னது பலித்துவிட்டது. பிள்ளைகளுக்கு வருகிற பொன்னுக்கு வீங்கி பத்து நாளில் போய்விடும். இது வருஷம் திரும்பியும் போகாமல் எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. பூவம்மாள் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினாள். பிறகு அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றது. மெஸ்ஸில் ரசத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

சென்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கர்நாடக எல்லையை ஒட்டிய ஜவளகிரியில் பிறந்தவளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. கொழுந்தனையும் ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு பெங்களூரில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, தன் மணிக்கட்டைத் தன் காதடியில் வைத்து, ஐந்து விரல்களையும் கன்னத்தின் மேல் விரித்துக் காட்டிக் கன்னடத்தில் சொன்னார். சென்னம்மா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். காதுக்குக் கீழே எலும்பை விட்டு ஒரு நரம்பு வெளியே வருகிறது. எச்சில் சுரக்கிற சதைக்குள் நுழைந்து இந்த விரல்கள் மாதிரி பிரிகிறது. நெற்றிக்கு, கண்ணுக்கு, கன்னத்துக்கு, உதட்டோரத்துக்கு, கழுத்துக்கு. கட்டி அந்தக் கிளைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விட்டுவைத்தால் பிற்காலத்தில் கெட்ட கட்டியாக மாறலாம். எடுக்கும்போது நரம்பு அறுந்தால் கண் மூடாது, வாய் கோணிவிடும்.

சின்னராஜ் கேட்டான். "நரம்பு கலர் கலரா இருக்குமான்னு கேளுங்கண்ணி. கம்பெனியில வண்டிக்கு வயர் போடறப்ப நாங்க கலரப் பாத்துத்தான் தொடுவோம்."

டாக்டர் சிரித்துவிட்டார். எல்லாமே வெள்ளைதான், அதனால்தான் நரம்பை முதலில் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் கட்டியில் கை வைப்பேன் என்றார்.

வீட்டில் மங்கம்மா குதித்தாள். "வலிக்காத கட்டிக்குக் கத்தி எதுக்குடி? வாய் கோணிக்கினா என்னா பண்ணுவே?"

"இப்ப மட்டும் நேராவா சிரிக்கிறேன் அத்தே? மூடிகினுதானே சிரிக்கிறேன். கோணினா கோணட்டும், தொறந்து சிரிச்சிக்கிறேன்."



ஆப்பரேஷன் அன்று காலையில் பூவம்மாள் சங்கிலியைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே சின்னராஜ் டாக்டர் காட்டிய மாதிரியே தன் கன்னத்தில் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலம்தான் அந்தக் கை இறங்கியது.

மறுநாள் சென்னம்மா பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். "கண்ணு முச்சி" என்றார். பூவம்மாளுக்குப் புரிந்தது, மூடினாள். இரண்டு கண்ணும் மூடின. "கென்னெ ஊதி" என்று தன் கன்னத்தை உப்பிக் காட்டினார். ஊதினாள். ஓரத்தில் கொஞ்சம் காற்று ஒழுகினாலும் கன்னம் உப்பியது. அடுத்து, "நகி அம்மா, நகி" என்றார்.

முதல் இரண்டும் தமிழ் மாதிரியே இருந்ததால் மூன்றாவதையும் அவள் தமிழ் என்றே எடுத்துக்கொண்டாள். கை கழுத்துக்குப் போயிற்று.

"நகையா? அது எங்க அக்காளுதுங்க. நேத்தே குடுத்துட்டேன்."

"நகி, நகி. ஸ்வல்ப நகி."

"சத்தியமா எங்கிட்ட இல்லீங்க சாமி! நகை கேப்பீங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா கட்டியோடவே இருந்திருப்பேனே!"

சென்னம்மா வாசலிலிருந்தே கத்தினாள். "அடி பைத்தியமே! நகையில்லடி, நகி! கன்னடத்துல கொஞ்சம் சிரின்னு சொல்றாருடி. சிரிச்சுக் காட்டு!"

பூவம்மாள் அக்காவைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. தலையைச் சுற்றிக் கட்டு, கழுத்தில் தையல். "ஐயோ, இழுக்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். டாக்டர் குனிந்து உதட்டையே பார்த்தார். வலது ஓரம் ஏறியது. இடது ஓரமும் ஏறியது, கொஞ்சம் பிந்தி. கீழுதடு மட்டும் அந்தப் பக்கம் சோம்பி நின்றது. நரம்பு முழுசாக இருக்கிறது, களைத்திருக்கிறது அவ்வளவுதான், சில மாதத்தில் சரியாகிவிடும் என்றார். நகை என்றால் தமிழில் என்ன என்று சென்னம்மா விளக்கியதும் அவரும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த கட்டில் தெலுங்குக்காரி தனக்கும் சொல்லச் சொன்னாள். சென்னம்மா அவளுக்குத் தெலுங்கில் ஒருமுறை சொல்ல வேண்டியதாயிற்று.

பார்க்க வந்த சின்னராஜ், "இடது பக்கம் மட்டும் ஷிஃப்டுக்கு லேட்டா வருது" என்றான்.

"சம்பளத்தப் புடிச்சிக்கோ போ" என்றாள் பூவம்மாள்.

பொங்கலுக்குள் உதடு நேராகிவிட்டது. பொன் போட்டதால்தான் கட்டி நரம்பைத் தின்னவில்லை என்று மங்கம்மா கடைசிவரை சாதித்தாள். இரண்டு குறை மட்டும் தங்கிவிட்டது. இடது காது மடல் மரத்துப்போயிற்று, கம்மல் விழுந்தாலும் தெரியாது. புளிப்பாக எது சாப்பிட்டாலும் அந்தக் கன்னம் மட்டும் வேர்க்கும். எச்சிலுக்குப் போக வேண்டிய நரம்பு வழிமாறி வேர்வைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். "கனெக்‌ஷன் மாத்திக் குடுத்துட்டாங்க" என்றான் சின்னராஜ். மெஸ் ஆட்கள் அவள் கன்னத்தைப் பார்த்தே, இன்றைக்குப் புளிக்குழம்பு என்று தெரிந்துகொள்வார்கள்.

பூவம்மாள் இப்போது மூக்கண்டப்பள்ளியில் மூத்த மகன் வீட்டு மாடியில் சின்னராஜோடு இருக்கிறாள்.